பர்வீன் சொல்ல வந்தது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தூறல். குடை வீட்டிலேயே. பாசஞ்சர் கால் மணி தாமதம், விக்கிரவாண்டியில் சிக்னலுக்காக நின்றது. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாக. பிரேயர் முடிந்துவிட்டது. ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார்.

குரல் போய்விட்டது.

மூன்றாம் பீரியட், பதினொன்று பி, வட்ட இயக்கம். பக்கெட் ஐட்டம். இருபத்தாறு வருடமாகச் செய்வதுதான். முந்தானையை இடுப்பில் செருகி, அரை பக்கெட் தண்ணீரைத் தலைக்கு மேல் சுற்றி, "கொட்டுதா? கொட்டுதா?" என்று கத்த வேண்டும். பக்கத்து வகுப்புப் பெண்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். இன்று மூன்றாவது "கொட்டுதா"வில் வெறும் காற்று. பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள், நாற்பத்து மூன்று பேரும்.

நானும் குனிந்து வணக்கம் வைத்தேன். பழக்கம்.

ஸ்டாஃப் ரூமில் சுடுதண்ணீர், உப்பு, மிளகு, பனங்கற்கண்டு. ஆளுக்கு ஒரு வைத்தியம். என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் கணக்கு டீச்சர் வசந்தா, "செப்டம்பர் ரெண்டாம் தேதி மாதிரி வகுப்புக்கு என்ன பண்ணுவ தமிழு?" என்றாள். அதுதான் எனக்கும் கவலை. போன வாரம்தான் ஆர்டர் வந்தது. விழுப்புரத்தில் வைத்து நம் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்த, சுற்றுவட்டாரத்து இயற்பியல் ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று இங்கே மட்டும் எழுதலாம்.

அதற்கு யோசித்து வைத்திருந்த ஐட்டங்கள்:
பக்கெட்.
பஸ் கண்டக்டர் (நிலைமம்).
சுழல் நாற்காலி. ஒல்லியான பெண்ணாகப் பார்த்து உட்கார வைத்து, இரண்டு கையிலும் செங்கல் கொடுத்துச் சுற்றிவிடுவது. கையை மடக்கினால் வேகம் கூடும்.
மேஜையிலிருந்து குதிப்பது கிடையாது. முட்டி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீவு. எங்கள் ஊர் விழுப்புரத்திலேயே காது மூக்கு தொண்டை டாக்டர். முப்பது பேருக்குப் பின்னால் டோக்கன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் பேர் கேட்டாள். சீட்டில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ். திண்டிவனம் பிசிக்ஸ் மிஸ்தானே நீங்க? என்னைத் தெரியலையா? அஞ்சலை மிஸ். என்னைத்தான் சேர்ல வச்சி சுத்துவீங்க."

தெரியவில்லை. எத்தனையோ ஒல்லிப் பெண்கள். ஆனால் கண்ணை விரித்து, கன்னத்தில் கை வைத்து, அடடா நீயா என்பது போலக் காட்டினேன்.

அவள் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பினாள். நர்ஸ் அவளைவிடச் சின்னவள். "சிஸ்டர், இவங்க கிளாஸுன்னா சினிமா மாதிரி சிஸ்டர். வேற கிளாஸ் பிள்ளைங்கெல்லாம் ஜன்னல்ல தொங்கிக்கினு பாக்கும்."

"அப்ப நீ பிசிக்ஸ்ல நல்ல மார்க்கா?"

"நானா? அதுலதான் பெயிலு." சிரித்தாள். "ஒண்ணும் புரியாது சிஸ்டர். ஆனா நல்லா இருக்கும்."

கிண்டல் இல்லை. குத்தல் இல்லை. நல்ல மனதோடு, என்னைப் பெருமையாகச் சொல்வதாகவே சொன்னாள். நான் சிரித்த முகத்தோடு நின்றேன். குரல் இருந்திருந்தால் ஏதாவது ஜோக் அடித்து நகர்ந்திருப்பேன்.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டிலும் முடிச்சு. "மூணு வாரம் பேசக் கூடாதும்மா. கிசுகிசுன்னு கூட. அதுதான் இன்னும் கெடுதல். கேக்கலைன்னா ஆபரேஷன்." மாத்திரை, ஆவி பிடிக்க. காரம் வேண்டாம். பத்து நாள் கழித்து வந்து காட்ட வேண்டும்.

வெளியே வரும்போது அஞ்சலை சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "மத்த அஞ்சு சப்ஜெக்ட்டும் பாஸு மிஸ். நர்சிங்குக்கு அப்ளிகேஷன் கூட வாங்கி வச்சிருந்தேன்." அதற்குள் உள்ளே இருந்து யாரோ, "ஏய் டோக்கன், அடுத்த ஆள அனுப்பு" என்றார்கள். போய்விட்டாள்.

அவளுடைய வருடம் எது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏழெட்டுப் பேர் என் பாடத்தில் பெயிலான ஒரு வருடம் உண்டு. ஸ்டாஃப் ரூமில் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "அதுங்க எதுக்கும் படிக்காதுங்க."

ஆகஸ்ட் 6, புதன்

ஹெச்.எம்.: "மெடிக்கல் லீவ் போட்டா காலாண்டுக்கு முன்னாடி பாடம் எப்படி முடியும் டீச்சர்? வந்து உக்காந்து இருங்க, அது போதும்." சரி என்று தலையாட்டினேன்.

பதினொன்று பி. போர்டில் 'எனக்கு மூன்று வாரம் குரல் இல்லை' என்று எழுதினேன். ஓவென்று வருத்தப்பட்டார்கள். பிறகு ஊமைக்கூத்து ஆடிப் பாடம் நடத்தப் பார்த்தேன். கையால், கண்ணால், புருவத்தால். ஒரே சிரிப்பு. ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கொட்டாவி. பின் பெஞ்சில் ஒருத்தி தலை பின்ன ஆரம்பித்தாள்.

வேறு வழி தெரியாமல் போர்டில் ஒரு கேள்வி: 'பக்கெட்டைத் தலைகீழாகச் சுற்றும்போது தண்ணீர் ஏன் கொட்டவில்லை? உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.' மணி அடிக்கும்வரை எழுதினார்கள். நாற்பத்து மூன்று தாள்.

மாலை வண்டியில் மூன்று பேருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து படித்தேன். வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்பவர் வந்தார். வாங்கவில்லை, சைகையில் கேட்க வெட்கம்.

சில தாள்கள், அப்படியே:
'மிஸ்ஸுக்கு நல்ல பழக்கம் இருப்பதால் தண்ணீர் கொட்டவில்லை.'
'மிஸ் மிக வேகமாகச் சுற்றினார்கள். மிகவும் தைரியம்.'
'மையவிலக்கு விசை.' (இது மட்டும், பதினாறு பேர். என்ன என்று ஒருவரும் எழுதவில்லை.)
'தண்ணீருக்குப் பயம்.'
'நாம் சுற்றினால் கொட்டும். மிஸ் சுற்றினால் கொட்டாது.'

முண்டியம்பாக்கம் தாண்டி ஒரு தாள். பென்சிலில். 'தண்ணீர் கீழே விழத்தான் பார்க்கிறது மிஸ். ஆனால் அது விழுவதற்குள் பக்கெட்டும் சேர்ந்து கீழே வந்துவிடுகிறது. தண்ணீரும் பக்கெட்டும் ஒன்றாக விழுகின்றன.' புத்தகத்தில் இருக்கும் வார்த்தை ஒன்றும் இல்லை. தப்பு என்று போட பேனாவைத் திறந்துவிட்டேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

இவ்வளவு சரியாக நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பெயர் பர்வீன். எந்தப் பெண் என்று தெரியவில்லை. ஜூனிலிருந்து அந்த வகுப்புக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். ஆவி பிடித்ததில் மூக்குத் தோல் உரிந்தது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். பெயர் கூப்பிட முடியாது, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன், அவரவர் வந்து வாங்கிப் போனார்கள். பென்சில் தாளைத் தூக்கினதும் வந்தது நம் நாற்காலிப் பெண். போன மாதம் செங்கல் கொடுத்துச் சுற்றியவள். 'வா குட்டி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

தாளில் 'மிகச் சரி' என்று எழுதியிருந்தேன். பார்த்தாள். மற்றவர்களுக்குத் தெரியாமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சந்தோஷமா என்று தெரியவில்லை. முகத்தில் அதிகம் காட்டாத பெண்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாம் சனி. வீட்டில். துணி, அலமாரி, காஸ் புக்கிங் (இவரைச் செய்யச் சொல்லி எழுதிக் காட்டினேன்).

மகள் சென்னையிலிருந்து போன். இவர் ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா பேசாம இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதாப்பா?" என்றாள். இவர் சாதாரணமாகச் சொன்னார், "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலம்மா. எல்லாத்தையும் ஸ்கூல்ல பேசிட்டுத்தானே வருவா. வீட்டுல எப்பவும் இப்படித்தான்."

மகள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "ஆமால்ல" என்றாள்.

சமையல்: ரசம் (மிளகு குறைத்து), பீர்க்கங்காய்க் கூட்டு. பால் பாக்கெட் ஒன்று திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

வகுப்பில் இப்போது இப்படி: போர்டில் ஒரு கேள்வி. நான் ஓரத்தில் ஸ்டூலில். அவர்கள் பேச வேண்டும்.

முதல் இரண்டு நாள் கொடுமை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் கால் தானாக மேடைக்குப் போகப் பார்த்தது. ஒரு வகுப்பு சும்மா இருந்தால் என் உடம்புக்குத் தாங்காது, எல்லாரும் எழுந்து போகப் போகிறார்கள் என்று ஒரு பயம்.

இன்று 'நிலைமம் என்றால் என்ன' என்று எழுதியிருந்தேன். பிறகு தலை பின்னும் பெண் (பெயர் சுகன்யா) எழுந்து, "நம்ம நிலைமைதானே மிஸ்?" என்றாள். சிரிக்கவைக்கச் சொன்னதில்லை, நிஜமாகவே. யாரும் சிரிக்கவும் இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

பர்வீன் பேசினாள். அவள் பேசும் விதம்: ஒரு வார்த்தை, நிறுத்தம், இன்னொரு வார்த்தை. நடுவில் இரண்டு பஸ் போய்விடும். "சும்மா இருக்கற பொருளு... சும்மாவே இருக்கப் பாக்கும். ஓடிக்கினு இருக்கறது... ஓடிக்கினே இருக்கப் பாக்கும். அதுக்குத் தானா மாறத் தெரியாது. யாராச்சும் மாத்தணும்."

"அப்ப உருட்டி வுட்ட பந்து ஏன் நிக்குது?" சுகன்யா.

"தரை மாத்துது."

எனக்குக் குரல் இருந்திருந்தால் பர்வீனின் முதல் நிறுத்தத்திலேயே உள்ளே புகுந்து முடித்து வைத்திருப்பேன். எத்தனை பெண்களை அப்படி முடித்து வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 16, சனி

ரிவியூ. முடிச்சு சின்னதாகியிருக்கிறது. இன்னும் பத்து நாள்.

கூட்டம் குறைவு. அஞ்சலை டீ வாங்கிக் கொடுத்தாள், கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டாள். பேச்சு அவளுடையது, என்னுடையது சீட்டு.

எழுதிக் கேட்டேன்: நாற்காலியில் சுற்றும்போது உனக்கு எப்படி இருக்கும்?

"தலை சுத்தும் மிஸ், அது சகஜம். இறங்கினதும் எல்லாம் கைதட்டுவாங்க. நான் நேரா பாத்ரூமுக்குப் போயி வாந்தி எடுப்பேன். காலைல சாப்புடாம வர்ற நாள்ல வெறும் தண்ணியா வரும்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல. "சொன்னா வேற யாரையாச்சும் கூப்புடுவீங்களே மிஸ்."

இன்னொரு சீட்டு. இது காலையிலேயே வீட்டில் எழுதி, திருத்தி, கைப்பையில் வைத்திருந்தது. அந்த ஒரு பேப்பரைத் தனித்தேர்வாக எழுது. ஞாயிறுதோறும் உன் வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறேன். முதல் பாடத்திலிருந்து. நீ பாஸ் ஆகும்வரை.

இரண்டு தடவை படித்தாள். மடித்தாள்.

"வேணா மிஸ். எனக்கு இது சரியா போய்க்கினு இருக்குது. பொண்ணு யூ.கே.ஜி. போறா. அவரு வேலை முடிஞ்சி கெடார்ல இருந்து வர்றதுக்கே ராத்திரி ஆயிடுது. ஞாயித்துக்கெழமைதான் துணி துவைக்கறது." பிறகு மெதுவாக, "நீங்க வருத்தப்படறது தெரியுது மிஸ். அதுக்காக நான் பரிச்சை எழுத முடியுமா?"

எனக்கு மூஞ்சி எரிந்தது. உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டைத் திருத்தும்போதே மனதுக்குள் ஒரு காட்சி ஓடியது. அவள் வெள்ளை உடுப்பில் வந்து நிற்பாள், நான் அழுவேன், பார்க்கிறவர்கள் அழுவார்கள். பெயிலான பிறகு அவள் கழித்த பத்து வருடத்தில் எனக்கு ஒரு சீன்.

கிளம்பும்போது கேட்டாள், "இப்ப யாரை மிஸ் சுத்தறீங்க?"

'பர்வீன்' என்று எழுதினேன். பேர் தெரிந்திருந்தது. அதில்கூட ஒரு அற்ப சந்தோஷம்.

"அது சாப்புட்டு வருதான்னு கேளுங்க" என்றாள்.

'மன்னித்துவிடு' என்று எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் அதற்கும் அவள் ஏதாவது பதில் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுழல் நாற்காலியை ஆபீஸுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிளார்க், "ஏன் மேடம், உடைஞ்சிடுச்சா?" என்றார்.

பர்வீனிடம் எழுதிக் கேட்டேன், காலையில் என்ன சாப்பிட்டாய். "கேப்பைக் கூழ் மிஸ்." ஏன் கேட்கிறேன் என்று புரியாமல் நின்றாள். அத்தா (அப்பா) சவுதியில், வீட்டில் அம்மா, இரண்டு தங்கை. இதெல்லாம் இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பேசலாம். ஒரு நாளைக்கு அரை மணி, மெதுவாக. கத்தக் கூடாது, குரலை மாற்றிப் பேசக் கூடாது. டாக்டர் சொன்னதும் முதல் வார்த்தை என்ன பேசினேன் என்றால், "சரிங்க டாக்டர்." யாரோ ஒரு வயதான பெண் பேசினது போல இருந்தது.

அஞ்சலை இன்று லீவு. பெண்ணுக்கு ஜுரமாம்.

வீட்டில் இவரிடம், "டீ குடிக்கிறீங்களா?" என்றேன். பேப்பரை இறக்கிப் பார்த்தார். "குடிக்கலாமே" என்றார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து குடித்தோம். பேச விஷயம் கிடைக்கவில்லை. நாளை பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டை மாவு பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

மாதிரி வகுப்பு முடிவு: ஐட்டம் எதுவும் இல்லை. ஒரே கேள்வி. பிள்ளைகள் பேசுவார்கள். நான் ஓரத்தில். வசந்தாவிடம் சொன்னேன். "உன்னைப் பாக்கத்தான் வர்றாங்க தமிழு, பிள்ளைங்களை இல்ல" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பிள்ளைகளைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் இருபது பெண்களோடு வந்தேன். எல்லாருக்கும் ரிப்பன் புதுசு. ஹாலில் ஐம்பது அறுபது ஆசிரியர்கள். முன் வரிசையில் அதிகாரி, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். வீடியோ எடுக்க ஒருவர்.

போர்டில் எழுதினேன்: 'ஓடும் பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம்?' ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

புது இடம், பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. வீடியோக்காரர் என்னைப் பார்த்தார், ஓட்டணுமா நிறுத்தணுமா என்று. சுகன்யா ஏதோ சொல்லித் தப்பாகி உட்கார்ந்தாள். பின் வரிசையில் ஒருவர் போனை எடுத்தார். பிறகு பலர்.

பர்வீன் எழுந்தாள்.

"நம்மள யாரும் முன்னாடி தள்ளல மிஸ்..." நிறுத்தினாள். கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள், தனக்கே செய்து காட்டுவது போல. "பஸ்ஸுதான்..."

நிறுத்தம்.

எனக்குத் தெரியும் அவள் எங்கே போகிறாள் என்று. பதினைந்து வினாடி கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடுவாள். அதிகாரி கொட்டாவியைக் கையால் மறைத்தார். பிறகு சிரித்த முகமாகவே, "மேடம், உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டுக்கினு வந்திருக்கோம். கொஞ்சம் லைவ்லியா" என்றார்.

எழுந்துவிட்டேன்.

யாரும் தள்ளவில்லை. நானாகத்தான். முந்தானையைச் செருகிக்கொண்டு, நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டு, கண்டக்டர் குரலில், "திண்டிவனம் திண்டிவனம், ஜல்தி ஏறும்மா, படியில நிக்காத, பேஜாரு பண்ணாத" என்று ஆரம்பித்தேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. விசில். டிரைவர் பிரேக், கண்டக்டர் பறந்துபோய் பாட்டி மடியில், பாட்டி திட்டுவது. எல்லாக் குரலும் வந்தது. போன்கள் எல்லாம் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தன, வீடியோ எடுக்க. நிலைமத்தின் வரையறையைக் கடைசியில் நானே சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதையும் எழுதிவிட வேண்டும். நன்றாக இருந்தது. அந்தக் கைதட்டல் உடம்பு முழுக்க ஏறியது.

திரும்பிப் பார்த்தபோது பர்வீன் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லையே. சுகன்யாதான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

சால்வை. போட்டோ. தக்காளி சாதம். 'அடுத்த மாசம் இன்னொரு இடத்துல பண்ணணும் மேடம்.' தலையாட்டினேன்.

திண்டிவனம் போகும் வண்டியில் பிள்ளைகள் ஒரே கும்மாளம். தேடிப் போய் பர்வீனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். தொண்டையில் மறுபடி மணல். மெதுவாகத்தான் பேச வந்தது.

"நீ அங்க ஏதோ சொல்ல வந்தியேம்மா. பஸ்ஸுதான்னு ஆரம்பிச்ச. இப்ப சொல்லு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவாயில்ல."

என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறந்துபோச்சு மிஸ்" என்றாள். "ஆனா நீங்க பண்ணது நல்லா இருந்துச்சு."